இலக்கிய வகுப்பை எப்படி முடிப்பது?

உயர்தரக் கலைப் பிரிவில் தமிழை ஒரு பாடமாக எடுத்த எங்களுக்கு இன்னும் சில வாரங்களே எஞ்சியிருக்கின்றன. செய்யுள் முடிந்துவிட்டது. உரைநடை முடிந்துவிட்டது. இலக்கணமும் இலக்கிய வரலாறும் முடிந்துவிட்டன. இனி இருப்பது மீட்டல் மட்டும்தான். எந்தப் பாடசாலையிலும் உயர்தர வகுப்பின் கடைசித் தவணை இப்படித்தான் இருக்கும். ஆனால், பொருளியலையும் புவியியலையும் முடிப்பதுபோல இலக்கியத்தையும் முடித்துவிடலாமா என்ற கேள்வி சில நாட்களாக என் மனதில் இருக்கிறது. முடிக்கக் கூடாது என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களை என் சக மாணவியர் முன்னும், இந்தச் சஞ்சிகையை வீட்டில் வாசிக்கப்போகும் பெற்றோர் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

மீட்டல் வகுப்பு எப்படி நடக்கும் என்பதை உயர்தரம் படித்த எவரும் அறிவர். 10 ஆண்டுகளின் வினாத்தாள்கள் ஒன்றாகக் கட்டப்பட்டு வரும். எந்தப் பாடல் எந்த ஆண்டில் கேட்கப்பட்டது என்று ஓர் அட்டவணை போடப்படும். போன முறை வந்தது இம்முறை வராது, இரண்டு முறை விடுபட்டது கட்டாயம் வரும் என்று ஊகங்கள் கிளம்பும். எங்கோ ஒரு பிரத்தியேக வகுப்பில் கொடுக்கப்பட்ட 'வரக்கூடிய கேள்விகள்' மாலையாவதற்குள் எல்லோருடைய வட்ஸ்அப்பிலும் இருக்கும். அதன் பிறகு மாதிரி விடைகள். பாடுபொருளுக்கு ஒரு பந்தி, அணிகளுக்கு ஒரு பந்தி, சொல்லாட்சிக்கு ஒரு பந்தி, கடைசியில் முடிவுரை.

அந்த முடிவுரையை எங்கள் வகுப்பில் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். இக்கவிதை வாசகரின் உள்ளத்தைத் தொடும் வகையில் அமைந்துள்ளது என்பதுதான் அது. காதலைப் பாடிய கவிதைக்கும் அதே வசனம், பஞ்சத்தைப் பாடிய கவிதைக்கும் அதே வசனம். அந்தக் கவிதை விடை எழுதுகிறவளின் உள்ளத்தைத் தொட்டதா என்று எவரும் கேட்பதில்லை. தொட்டிருந்தாலும் அதை எந்தப் பந்தியில் எழுதுவது என்று அவளுக்குத் தெரியாது.

இதற்காக ஆசிரியர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. இசட் புள்ளியில் சிறு வித்தியாசம் ஏற்பட்டாலும் மாவட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட பல்கலைக்கழக இடங்களுக்குள் வராமல் போகலாம் என்பதை அவர்கள் எங்களைவிட நன்றாக அறிவார்கள். கடைசி நேரத்தில் எங்களைக் கரைசேர்க்க அவர்கள் படும் பாட்டை நாங்கள் கண்ணால் காண்கிறோம். பரீட்சையை நானும் எழுதப்போகிறேன். நல்ல பெறுபேறு வேண்டும் என்று ஐந்து நேரமும் துஆக் கேட்பவர்களில் நானும் ஒருத்தி. ஆகவே, பரீட்சை வேண்டாம் என்பதற்காக இதை எழுதவில்லை. பரீட்சை முடிந்த மறுநாளைப் பற்றித்தான் யோசிக்கிறேன்.

எங்கள் வகுப்பில் 31 பேர் இருக்கிறோம். இன்ஷா அல்லாஹ் சிலர் பல்கலைக்கழகம் போவார்கள். சிலர் கல்வியியற் கல்லூரிக்குப் போவார்கள். சிலர் கணினிப் பாடநெறிக்கும் தையல் வகுப்புக்கும் போவார்கள். சிலருக்குப் பெறுபேறு வருமுன்பே கல்யாணப் பேச்சு வந்துவிடும். பல்கலைக்கழகம் போகிறவர்களும் அங்கே தமிழைத்தான் எடுப்பார்கள் என்று சொல்ல முடியாது. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், எங்களில் மிகப் பலருக்கு இந்தத் தவணையின் கடைசிப் பாடவேளைதான் வாழ்க்கையின் கடைசி இலக்கிய வகுப்பு. ஒரு கவிதையை நடுவில் வைத்துக்கொண்டு, அதை எங்களைவிட நன்றாக அறிந்த ஒருவரோடும் எங்களை ஒத்த வயதுடைய 30 பேரோடும் வாய்விட்டுப் பேசும் வாய்ப்பு அதோடு முடிந்துவிடுகிறது. அந்தக் கடைசிப் பாடவேளையில் அவள் கையில் வைத்திருப்பது ஒரு ஊகக் கேள்விப் பட்டியல் என்றால் அது எனக்குக் கவலையாக இருக்கிறது.

சாதாரண தரத்தோடு நின்றவர்களின் நிலை இன்னும் சுருக்கமானது. சாதாரண தரத்தில் தமிழ் மொழி கட்டாயப் பாடம். இலக்கிய நயம் அப்படியில்லை. சித்திரம், சங்கீதம் போன்றவற்றோடு ஒரே தொகுதியில் வரும் விருப்பப் பாடம் அது. சித்திரம் எடுத்த பிள்ளை இலக்கியத்தைத் தனிப் பாடமாகப் படிக்காமலேயே பாடசாலையை விட்டுப் போகலாம். ஆகவே, இலக்கிய வகுப்பில் இருக்கக் கிடைத்தவர்கள் ஒரு வகையில் கொடுத்துவைத்தவர்கள். கிடைத்ததை எப்படி முடிக்கிறோம் என்பது அதனால் இன்னும் முக்கியமாகிறது.

என் ராத்தாவும் உயர்தரத்தில் தமிழ் படித்தவர். 7 ஆண்டுகளுக்கு முன் பரீட்சை எழுதி, நல்ல பெறுபேறும் எடுத்தார். இப்போது இரண்டு பிள்ளைகளின் தாய். அவருடைய 3 குறிப்புக் கொப்பிகள் எனக்கு வந்தன. உறை போட்டு, தலைப்புகளுக்குச் சிவப்புக் கோடு இழுத்து, அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறார். என் கொப்பியையும் அவருடைய கொப்பியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வசனங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. உள்ளத்தைத் தொடும் அந்த முடிவுரையும் அங்கே அப்படியே இருக்கிறது. 3 கொப்பிகளையும் முழுக்கப் புரட்டியதில் ராத்தா சொந்தமாக எழுதியது என்று ஒரே ஒரு இடம்தான் தென்பட்டது. ஒரு நவீன கவிதையின் ஓரத்தில், பென்சிலால், சின்னதாக, 'உம்மா மாதிரி' என்று எழுதியிருந்தார்.

அது என்ன என்று கேட்டேன். ராத்தாவுக்கு நினைவில்லை. "நான் கடைசியா முழுசா வாசிச்ச புத்தகம் எது தெரியுமா புள்ள? ஓ.எல்.லுக்குப் படிச்சதுதான். ஏ.எல்.லுக்கு எல்லாம் போட்டோக் கொப்பிதானே" என்று சிரித்தார்.

என்னைப் பொறுத்தவரை அந்த 3 கொப்பிகளிலும் இலக்கியம் நடந்த இடம் அந்தப் பென்சில் எழுத்துத்தான். ஒரு கவிதை ராத்தாவை ஒரு நிமிடம் நிறுத்தி, சமையலறையில் நின்ற உம்மாவைப் பார்க்கவைத்திருக்கிறது. அதை அவர் வகுப்பில் சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைத்திருந்தால், ஏன் உம்மா மாதிரி என்று யாராவது ஒருவர் கேட்டிருந்தால், அது மறந்துபோயிருக்காது என்று நினைக்கிறேன். அதன் பிறகு இன்னொரு கவிதையைத் தேடி எடுக்க வேண்டும் என்றும் அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

நாங்கள் நிறையத் தெரிந்துவைத்திருக்கிறோம். சித்திலெவ்வையின் 'அசன்பே சரித்திரம்' 1885இல் வெளிவந்தது, அது ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படுகிறது, அவர் 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார் என்றெல்லாம் கேட்ட உடனே சொல்வோம். எகிப்தில் பிறந்த ஒரு குழந்தை கடத்தப்படுவதும், இந்தியாவில் வளர்வதும், தன் பிறப்பைத் தேடிப் போவதுமாக ஓடும் அந்தக் கதையைத் திறந்து நாலு பக்கம் வாசித்தவர் எங்களில் எத்தனை பேர்? உமறுப் புலவரின் சீறாப்புராணம் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்று 3 காண்டங்களும் 5,027 விருத்தங்களும் கொண்டது என்று எழுதி முழுப் புள்ளியும் வாங்குவோம். ஒரு காலத்தில் நமது ஊர்களில் ஒருவர் சீறாவை இராகத்தோடு பாட, இன்னொருவர் பொருள் சொல்ல, ஊர் கூடியிருந்து கேட்டது. அந்த மக்களில் பலருக்குக் காண்டங்களின் பெயர் தெரிந்திருக்காது. ஆனால், அடுத்த இரவு கதை எங்கே போகப்போகிறது என்று அறிய அவர்கள் மறுபடியும் வந்தார்கள். எங்களிடம் பெயர்களும் ஆண்டுகளும் இருக்கின்றன. அடுத்து என்ன என்று அறியும் ஆசை மட்டும் கடைசித் தவணையில் எப்படியோ கழன்றுபோகிறது.

ஒன்றை முடிப்பது எப்படி என்று நாங்கள் சிறுவயதிலேயே கற்றிருக்கிறோம். நம் ஒவ்வொருவரும் குர்ஆன் மதரஸாவில் ஓதி முடித்த நாளை மறந்திருக்கமாட்டோம். கடைசி ஸூறாவை ஓதியதும் குர்ஆனை மூடிவிட அனுமதிப்பதில்லை. அதே இருப்பில் மறுபடியும் ஸூறத்துல் பாத்திஹாவை ஓதி, ஸூறத்துல் பகராவின் தொடக்க வசனங்கள் சிலவற்றையும் ஓதவைத்த பிறகுதான் துஆ. அதன் பிறகுதான் இனிப்பு. அல்லாஹ்வின் வேதத்தோடு மனிதர் எழுதிய எதையும் ஒப்பிட முடியாது, நான் ஒப்பிடவும் இல்லை. அந்த நல்ல பழக்கத்தைத்தான் சொல்கிறேன். முடித்த கையோடு அடுத்த சுற்றைத் தொடங்கிவைத்துவிடுவது, பிள்ளை அதோடு ஓதலை விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான். இலக்கிய வகுப்பும் அப்படி முடிய வேண்டும். கடைசி நாளில் ஒவ்வொரு மாணவியும் அடுத்த புத்தகத்தின் முதற் பக்கத்தில் நிற்க வேண்டும்.

இது நடக்கக்கூடிய காரியமா என்று கேட்பவர்களுக்கு, சென்ற தவணையில் எங்கள் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சங்க அகப் பாடல்கள் முடிந்த பின் ஒரு பாடவேளை மிஞ்சியது. உங்கள் வீடுகளில் கவி தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று எங்கள் ஆசிரியை கேட்டார். 11 பேர் கையுயர்த்தினார்கள். நாளைக்கு வரும்போது ஆளுக்கு இரண்டு கவியாவது கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார்.

எங்கள் பக்கத்தில் கவி 'பாடுவது' என்று சொல்வதில்லை, கவி 'படிப்பது' என்றுதான் சொல்வார்கள். நான் மூத்தம்மாவிடம் போய், பாடசாலைக்குக் கவி வேண்டும் என்றேன். "இதெல்லாம் ஒரு படிப்பா மகள்? இது நாங்க வயலுக்க நிண்டு படிச்சது" என்று வெட்கப்பட்டார். குர்ஆன் ஓதுவார், அரபுத் தமிழ்க் கிதாபுகளும் வாசிப்பார், தமிழ் எழுத்துத்தான் அவருக்கு வராது. அன்று இரவு அவர் சொல்லச் சொல்ல 6 கவிகள் எழுதினேன். கடைசி இரண்டையும் சொல்லும்போது அவருடைய குரல் வேறாக இருந்தது.

மறுநாள் வகுப்பில் 40க்கும் மேற்பட்ட கவிகள் சேர்ந்துவிட்டன. மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று பல ஊர்களிலிருந்து வந்தவை. அவற்றுள் ஒரு கவி மூன்று பேரிடம் இருந்தது. மூன்றிலும் அது ஒன்றாக இல்லை. ஒருத்தியின் கவியில் மச்சான் வயலுக்குப் போகிறார், இன்னொருத்தியின் கவியில் கடலுக்குப் போகிறார், மூன்றாமவளின் கவியில் காட்டுக்குப் போகிறார். எது சரி என்று தொடங்கிய பேச்சு மணி அடித்த பிறகும் ஓயவில்லை. மூன்றும் சரி, படித்தவள் தன் வீட்டு வாசலிலிருந்து எதைப் பார்த்தாளோ அதை வைத்திருக்கிறாள் என்று, வகுப்பில் வாயே திறக்காத ஒரு தோழி சொன்னாள். அதற்குப் பிறகு ஆசிரியை ஒரு கேள்விதான் கேட்டார். இந்தக் கவிகளில் எதிலாவது அந்தப் பெண்ணின் பெயரோ மச்சானின் பெயரோ இருக்கிறதா? தேடிப் பார்த்தோம், ஒன்றிலும் இல்லை.

அகப் பாடலில் தலைவன் தலைவியரின் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. அதை நாங்கள் குறிப்பாக எழுதி மனனம் செய்திருந்தோம். ஈராயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த அந்த வழக்கம் எங்கள் மூத்தம்மாமாரின் வாயிலும் இருக்கிறது என்று அன்றுதான் விளங்கியது. தோழியிடம் சொல்லி ஆறுவதும், தாய்க்குத் தெரியாமல் மறைப்பதும், பிரிந்து போனவன் வரும் வழியைப் பார்த்திருப்பதும் இரண்டிலும் இருந்தன. அடுத்த மாதப் பரீட்சையில் அகப் பாடல் பற்றிய கேள்விக்குப் பலரும் சொந்தமாக எழுதினார்கள். ஒருத்தி கவிகளோடு ஒப்பிட்டு எழுதி, வகுப்பிலேயே கூடிய புள்ளி எடுத்தாள். பாடத்துக்கு வெளியே போனால் புள்ளி குறைந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆகவே, என்னுடைய கோரிக்கை பெரியதல்ல. உயர்தர இலக்கிய வகுப்பின் கடைசித் தவணையில் 6 பாடவேளைகளை ஒதுக்குங்கள். ஒரு பாடவேளை 40 நிமிடம் என்றால் 6 பாடவேளைகள் 240 நிமிடம், அதாவது 4 மணித்தியாலம். ஒரு சனிக்கிழமைப் பிரத்தியேக வகுப்பில் உட்காரும் நேரம் அவ்வளவுதான். இரண்டு வருடப் படிப்பில் 4 மணித்தியாலம் பரீட்சைக்கு வெளியே போவதால் எவருடைய பெறுபேறும் கவிழ்ந்துவிடாது.

முதல் 2 பாடவேளைகளிலும் பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு சிறுகதையை ஆசிரியை தொடக்கம் முதல் முடிவுவரை உரத்து வாசிக்கட்டும். பேனாக்கள் பையுக்குள் இருக்கட்டும். குறிப்பு வேண்டாம், அணி வேண்டாம். வாசித்து முடிந்ததும் பேச விரும்புகிறவர்கள் பேசட்டும். விரும்பாதவர்கள் பேசாமல் இருக்கட்டும்.

அடுத்த 2 பாடவேளைகளிலும் நாங்கள் கொண்டுவருவதை வாசிப்போம். கவியாக இருக்கலாம். மூத்தம்மாவிடம் கேட்ட ஒரு கதையாக இருக்கலாம். எங்களில் சிலருடைய உம்மாமார் மத்திய கிழக்கில் வேலை செய்தவர்கள். கைத்தொலைபேசி இல்லாத நாட்களில் அவர்கள் எழுதிய கடிதங்கள் இன்னும் சில வீடுகளின் அலுமாரிகளில் இருக்கின்றன. வீட்டார் சம்மதித்தால் அப்படி ஒன்றையும் வாசிக்கலாம். உரைநடையில் இரக்கச்சுவை என்பது பற்றி அதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்?

கடைசி 2 பாடவேளைகளும் அடுத்த புத்தகத்துக்கு. ஒவ்வொருத்தியும் பரீட்சை முடிந்த பின் தான் வாசிக்கப்போகும் ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்லி, அதை ஏன் தெரிவு செய்தாள் என்றும் சொல்ல வேண்டும். தேடுவதற்கு எங்களுக்குக் கஷ்டமில்லை. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டதைப் பற்றிப் 'புத்தரின் படுகொலை' என்ற கவிதையை எழுதிய எம். ஏ. நுஃமான் கல்முனைக்குடியில் பிறந்தவர். கவிஞர் சோலைக்கிளி கல்முனையைச் சேர்ந்தவர். கவிஞர் அனார் சாய்ந்தமருதைச் சேர்ந்தவர். 'ஒரு கடல் நீரூற்றி' என்ற தொகுதியைத் தந்த பஹீமா ஜஹான் குருநாகல் மாவட்டத்து மெல்சிரிபுரவைச் சேர்ந்தவர். இவர்கள் நாங்கள் போகும் கடைக்கும் பாடசாலைக்கும் போனவர்கள், நாங்கள் பேசும் தமிழைப் பேசுகிறவர்கள். முஸ்லிம் பெண் கவிதை எழுதலாமா என்று இன்னும் எவராவது கேட்டால், எழுதி அச்சிலும் வந்துவிட்டது என்று எடுத்துக் காட்டலாம்.

இங்கே பாடசாலை நூலகங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. உயர்தரப் பரீட்சைக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, வெளியேறும் மாணவியர் எல்லாப் புத்தகங்களையும் ஒப்படைத்துக் கையொப்பம் பெற வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. புத்தகங்களைப் பாதுகாக்க அது தேவை என்பதை ஏற்கிறேன். ஆனால், பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை மாதக் கணக்கில் நாங்கள் வீட்டில் இருக்கிறோம். பிறந்ததிலிருந்து எங்களுக்கு இவ்வளவு ஓய்வு கிடைத்ததில்லை, இனிமேல் கிடைக்கும் என்பதற்கும் நிச்சயமில்லை. மிகக் கூடுதலாக வாசிக்கக்கூடிய அந்த நாட்களில் எங்களிடம் நூலக அட்டை இருப்பதில்லை. பெற்றோரின் கையொப்பத்தோடு, பெறுபேறு வரும் நாள்வரை ஆளுக்கு ஒரு புத்தகம் தர முடியாதா? பெறுபேற்றுப் பத்திரம் எடுக்க எப்படியும் பாடசாலைக்கு வரத்தானே வேண்டும்? அன்று புத்தகத்தைக் கொடுத்துவிடலாம்.

இனிப் பெற்றோரிடம் சில வார்த்தைகள். பெண் பிள்ளை கதைப் புத்தகம் வாசித்தால் மனது கெட்டுவிடும் என்ற பயம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்தப் பயம் அன்பினால் வருவது என்று எனக்குத் தெரியும். ஆனால், பிள்ளையின் கையில் இருக்கும் தொலைபேசியில் ஒரு நாளைக்கு எத்தனை நாடகத் துண்டுகளும் காணொளிகளும் ஓடுகின்றன என்பதையும் பாருங்கள். அவை ஒவ்வொன்றும் அரை நிமிடத்தில் முடிந்துவிடும், யோசிக்க இடம் தராது. ஒரு நல்ல நாவலோ மூன்று நாட்கள் ஒரு மனிதரோடு இருக்கவைக்கும். அவர் பொய் சொல்வதையும், பொய்யின் பலனை அனுபவிப்பதையும், வருந்துவதையும் காட்டும். ஏமாற்றுகிறவர் எப்படிப் பேசுவார் என்பதைக் கதையில் பார்த்த பிள்ளை வாழ்க்கையில் கொஞ்சம் நிதானிப்பாள். எந்தப் புத்தகம் என்று உங்களுக்குக் கவலையாக இருந்தால் நீங்களும் சேர்ந்து வாசியுங்கள். அதைவிட நல்ல காவல் வேறில்லை.

இலக்கியம் படித்து என்ன தொழில் கிடைக்கும் என்றும் கேட்கிறீர்கள். அது நியாயமான கேள்விதான். வாப்பாமார் எங்கள் படிப்புக்காக என்னென்ன கஷ்டப்படுகிறார்கள் என்பதை நாங்கள் அறிவோம். ஆசிரியத் தொழில், ஊடகம், மொழிபெயர்ப்பு என்று சிலவற்றைச் சொல்லலாம். ஆனால், தொழிலுக்குப் போகாமல் வீட்டில் இருக்கப்போகும் பிள்ளைக்கும் அது தேவை என்றுதான் நான் சொல்வேன். நாளை ஒரு குழந்தைக்குத் தமிழில் முதல் கதையைச் சொல்லப்போகிறவள் அவள்தான். அவளிடம் சொல்வதற்குக் கதை இல்லாவிட்டால் குழந்தையின் கையில் தொலைபேசியைக் கொடுப்பாள். நம் வீடுகளில் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

புத்தகம் வாங்கக் காசு இல்லை என்ற நிலையும் பல வீடுகளில் இருக்கிறது. அதற்கும் வழியுண்டு. நம் ஊர்களில் உள்ளூராட்சி மன்றங்கள் நடத்தும் பொது நூலகங்கள் இருக்கின்றன. பரீட்சை முடிந்த வாரத்தில் ஒரு நாள் உங்கள் மகளை அங்கே கூட்டிச்சென்று அங்கத்தவராகச் சேர்த்துவிடுங்கள். தையல் வகுப்புக்கும் கணினி வகுப்புக்கும் கூட்டிச்செல்கிறீர்கள்தானே, வழியில் அங்கேயும் ஒருமுறை நின்று போகலாம். ஸூம் வகுப்புக்காக வாங்கித் தந்த தொலைபேசியும் உதவும். 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்துத் தமிழ் நூல்களும் பழைய சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் இலவசமாக இருக்கின்றன. ஒக்டோபர் வந்தால் தேசிய வாசிப்பு மாதம் என்று பதாதை கட்டிப் போட்டி வைக்கிறோம். பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மாதங்களையும் வாசிப்பு மாதங்களாக்கினால் என்ன?

என் சக மாணவியருக்கும் சொல்ல இருக்கிறது. எல்லாவற்றையும் பாடசாலையும் பெற்றோரும் செய்து தர வேண்டும் என்று நாங்கள் காத்திருக்க முடியாது. பிரியாவிடை வைபவத்துக்கு இரண்டு வாரம் திட்டம் போடுகிறோம். கேக்கின் நிறம் முதல் ஆசிரியைகளுக்கான அன்பளிப்பு வரை கூடிப் பேசி முடிவெடுக்கிறோம். காசு சேர்க்கிறோம். அவ்வளவு ஒழுங்கு செய்யத் தெரிந்த எங்களால், ஆளுக்கொரு புத்தகம் கொண்டுவந்து மாற்றிக்கொள்ள முடியாதா? பரீட்சை முடிந்ததும் வட்ஸ்அப் குழுவைக் கலைத்துவிடாமல், மாதம் ஒரு சிறுகதையை எல்லோரும் வாசித்து நாலு வார்த்தை எழுத முடியாதா? திருமணமாகிப் போகிறவளும் அதில் இருக்கலாம், வெளியூர் போகிறவளும் இருக்கலாம்.

குறிப்புக் கொப்பிகள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பரீட்சை முடிந்ததும் அவை பழைய பேப்பர்காரரின் தராசுக்குப் போகின்றன. அப்படிப் போகுமுன் ஒருமுறை முழுக்கப் புரட்டிப் பாருங்கள். ஓரத்தில் உங்கள் சொந்த எழுத்து எங்காவது இருந்தால் அந்தப் பக்கத்தை எடுத்து வையுங்கள். ஒன்றுகூட இல்லாவிட்டால், உங்களுக்குப் பிடித்த ஒரு கவிதையின் பக்கத்தில் அது ஏன் பிடித்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். புள்ளி இடப்படாத விடை அது, பயப்படாமல் எழுதலாம். பிறகு கொப்பியை அடுத்த வகுப்புத் தங்கையிடம் கொடுங்கள். மாதிரி விடைகளோடு அந்த இரண்டு வரியும் அவளிடம் போய்ச் சேரட்டும்.

இந்தச் சஞ்சிகை அச்சாகி வரும்போது நாங்கள் பெரும்பாலும் வகுப்பறையில் இருக்கமாட்டோம். தரம் 12இல் இருக்கும் தங்கைமாரே, நீங்கள் இதை வாசிக்கும்போது உங்களுக்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் இருக்கும். உங்கள் கடைசித் தவணை வரும், வினாத்தாள் கட்டுகளும் வரும். அவற்றைச் செய்யுங்கள், நன்றாகச் செய்யுங்கள். ஆனால், ஒரு நாள், ஒரேயொரு பாடவேளைக்கு, பேனாக்களைப் பையுக்குள் வைத்துவிட்டு, எங்களுக்கு ஒரு கதை வாசித்துக் காட்டுங்கள் என்று உங்கள் ஆசிரியையிடம் கேளுங்கள். மறுக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் கேட்க வேண்டும் என்று அவரும் காத்திருக்கக்கூடும்.